சனிக்கிழமை மாலையை யார் காப்பது?

ஆண்டு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பல இடங்களில் குழந்தைகளின் சேர்ந்திசை நினைவுக்கு வருகிறது. கணக்கு வகுப்பிலிருந்து பிள்ளைகளை எழுப்பி அழைத்துவந்து, தொண்டை கட்டும்வரை பாடவைக்கிறோம். நன்றாகப் பாடும் இரண்டு பேர் கையில் மைக். மற்றவர்களுக்கு வாயசைக்கும் வேலை. பட்டுப்பாவாடையும் வரிசையும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அதைச் சேர்ந்திசை என்பது மட்டும் பொருந்தாது.

பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்டபடியே தன் குரலை ஏற்றி இறக்கவும், எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கவும் பழக வாரங்கள் ஆகும். எம்.பி. சீனிவாசன் இதற்கு நம் முன்னோடி. திரைப்படங்களுக்கு இசையமைத்துக்கொண்டே 1970களின் தொடக்கத்தில் சென்னையில் ‘மெட்ராஸ் யூத் கொயர்’ குழுவை உருவாக்கியவர். பாரதியின் பாடல்களைப் பல குரல்களில் அடுக்கி அவர் பாடவைத்த முறை, சேர்ந்து பாடுவது தமிழுக்கும் இயல்பாகப் பொருந்தும் என்று காட்டியது. 1988இல் அவர் மறைந்த பிறகும் அந்தக் குழு பாடிக்கொண்டிருக்கிறது.

பள்ளியோ, தேவாலயமோ, குடியிருப்பு நலச்சங்கமோ, குழந்தைகளுக்கான குழு ஒன்றைத் தொடங்கினால் முதலில் வேண்டியது கிழமையும் நேரமும். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும். அதிலும் முதல் பத்து நிமிடம் மூச்சுக்கும் குரலுக்கும். பிறகு புதுப் பாடலில் கடினமான இரண்டு அடிகள். களைப்பு தட்டும் கடைசிப் பகுதியில் ஏற்கெனவே தெரிந்த பாட்டு. சுருதியைப் பிள்ளைகளின் குரல் பார்த்து வைக்க வேண்டும். ஆண் ஆசிரியர் தமக்கு வசதியான ஒரு கட்டையில் தொடங்கினால் பிள்ளைகள் அடித்தொண்டையில் முனகுவார்கள். இல்லையேல் உச்சத்தில் கத்துவார்கள். மகரக்கட்டு தொடங்கிய பையனைக் குழுவிலிருந்து நிறுத்திவிடும் பழக்கத்தையும் விட்டொழிக்கலாம். அவனுக்கு எட்டும் அடிகளைக் கொடுத்தால் போதும், அவன் இருந்துகொள்வான்.

இவ்வளவையும் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அவரால் பார்த்துக்கொள்ள முடியாதவைதான் மீதி எல்லாம். பல அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர் பணியிடமே கிடையாது. இருக்கும் சில இடங்களிலும் பெரும்பாலும் பகுதிநேரம்தான். அறைச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். பயிற்சி முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பிள்ளைக்குத் துணை வேண்டும். பயிற்சி நேரம் முழுக்க ஆசிரியர் தவிர இன்னொரு பெரியவராவது உடனிருப்பது கட்டாயம். இது யார்மீதும் ஐயப்பட்டுச் சொல்வதன்று. பிள்ளைக்கும் பாதுகாப்பு, ஆசிரியருக்கும் பாதுகாப்பு. பெற்றோர் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மாதம் ஒரு மாலைகூட வராது.

டியூஷன் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலை டெஸ்ட்டை வேறு நேரத்துக்கு மாற்றினால் யார் மதிப்பெண்ணும் குறைந்துவிடாது. விழாக் குழுவினர் பாடலை இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். மேடைக்கு முதல் நாள் இரவு “சிறப்பு விருந்தினருக்கு இந்தப் பாட்டு பிடிக்கும்” என்று மாற்றும் வழக்கம் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. டிசம்பர் நிகழ்ச்சி என்றால் அரையாண்டுத் தேர்வும் மழைக்காலக் காய்ச்சலும் குறுக்கே வரும் என்பது தெரிந்ததுதான். ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டால் நவம்பரில் இரண்டு வாரம் போனாலும் பாட்டு கையில் நிற்கும்.

பெற்றோரின் பங்கு இன்னும் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தன் பிள்ளை முன்வரிசையில் நிற்க வேண்டும், தனியாக இரண்டு வரி பாட வேண்டும் என்று ஆசிரியரை நெருக்காதீர்கள். அந்த நெருக்கலில் கலைந்த குழுக்கள் பல. சேர்ந்திசையில் பின்வரிசைக் குரல் இல்லாவிட்டால் முன்வரிசைக்கு நிற்க இடமில்லை.

உங்கள் ஊரில் அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். எந்தக் கிழமை, எந்த அறை, சாவி யாரிடம், உடனிருக்கும் முறை யாருடையது என்று நான்கையும் பெயரோடு எழுதிவிட்டே எழுந்திருங்கள்.