கனம் இருந்தால் ஆயுசு இருக்குமா?

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர். அவர் பேரனும் இப்போது அங்கே ராணுவத்தில்தான் இருக்கிறான். போன வாரம் போனில் பேசியவன், தங்களுக்குக் கொடுத்திருப்பது குளோக் கைத்துப்பாக்கி, அதன் உடல் பிளாஸ்டிக் என்றானாம். பெரியவருக்கு மனசே ஆறவில்லை.

"எங்க காலத்து மாக் 50 முழுக்க எஃகு சார். அப்புறம் அலுமினியம் வந்தது. இப்ப பிளாஸ்டிக்காம். கனம் இல்லாதது எதுவும் நிலைக்காது" என்றார்.

நான் துப்பாக்கியைத் தொட்டவன் இல்லை, ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டியவன். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு இன்னும் கைகொடுக்கிறது. உட்கார்ந்து தேடிப் படித்தேன். சொல்தா சொல்வதில் பாதிதான் சரி என்று படுகிறது.

முதலில் அவர் பக்க நியாயம். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குள் எத்தனை லட்சம் முறை அதிர்ந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்த வரம்பு கிடையாது. ஒவ்வொரு அதிர்வும் கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கில் ஏறும். ஜெர்மனி தன் பழைய வால்தர் பி38 துப்பாக்கியை அலுமினியக் கலவை உடலோடு பி1 என்ற பெயரில் மறுபடி செய்தபோது, பின்னாளில் அந்த உடலுக்குள் குறுக்கே ஓர் எஃகு ஆணியைச் சேர்க்க வேண்டி வந்தது.

இனி மறுபக்கம். 1985-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட பெரெட்டாவின் உடலும் அலுமினியக் கலவைதான். பிரான்சும் அதையே உரிமம் வாங்கி பாமாஸ் என்ற பெயரில் செய்தது. அமெரிக்காவில் சில துப்பாக்கிகள் சுடும்போதே உடைந்து, துண்டு சுட்டவர் முகத்தில் அடித்தது. உடைந்தது எது தெரியுமா? அலுமினிய உடல் இல்லை, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு. அது முழு எஃகு! உடைந்தாலும் பின்னால் பறக்காதபடி ஓர் ஆணியின் தலையைப் பெரிதாக்கிச் சரிசெய்தார்கள்.

ஸ்லைடு பின்னால் வரும் வேகத்தைத் தாங்குவது ஒரு சின்ன ஸ்பிரிங். அது தளர்ந்தால் ஸ்லைடு உடலைப் போய் மோதும். காலத்தில் ஸ்பிரிங்கை மாற்றினால் உடல் பல காலம் நிற்கும். எங்கள் வீட்டு அலுமினியக் குக்கர் முப்பது வருடமாக உழைக்கிறது. கேஸ்கெட்டையும் வால்வையும் எத்தனை முறை மாற்றியிருப்போம்! மாற்றாமல் விட்டிருந்தால் பழி குக்கரின் மேல்தான் விழுந்திருக்கும்.

தினமும் நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழகுகிறவனுக்கு எஃகே நல்லது. நாள் முழுக்க இடுப்பில் சுமந்து, வருடத்தில் சில தடவை மட்டும் சுடுகிறவனுக்கு இலேசானதுதான் சரி. கனத்தைப் பார்த்து நம்பிக்கை வைப்பதைவிட, பராமரிக்கிறவனைப் பார்த்து வைக்கலாம் என்பது என் கட்சி.

இதையெல்லாம் சொல்தாவிடம் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் மாற்றிய அவர் முழங்கால் மூட்டும் கலப்பு உலோகம்தான். நன்றாகவே நடக்கிறார்.