அரை மணி நேரக் கவசம்

குடியரசு தின விழாவுக்கு ஏற்காட்டில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். நாலாம் வகுப்புப் பையன் கட்டபொம்மன். வசனம் பாதியில் இருக்கும்போதே மார்க்கவசம் இரண்டாகப் பிளந்து தொங்கியது. எல்லோரும் சிரித்தார்கள். பையன் வசனத்தை முடிக்காமலே இறங்கிவிட்டான். அப்பா எஸ்டேட் கூலி. ஃபோம் ஷீட்டுக்கும் தங்கக் கலர் பெயிண்டுக்கும் இரண்டு நாள் கூலி போயிருக்கும்.

தவறு பையன் மீதல்ல. அரை மணி நேரம் தாங்கினால் போதும் என்று நாம் செய்கிறோம், அதுதான்.

கூத்துக்காரர்களைப் பாருங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டியவை. கட்டைக்கூத்து என்ற பெயரே அதனால் வந்தது. விடிய விடிய கிறுக்கி சுற்றி ஆடியும் அவிழாது. காரணம், எடை இல்லாத மரம். பிறகு, பசையை நம்பாமல் கயிற்றால் உடம்போடு இறுக்கிக் கட்டுவது. சில்லு உதிர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்வார்கள், தூக்கி எறிவதில்லை.

ஃபோமுக்கும் இதே புத்திதான். சூட்டுத் துப்பாக்கிப் பசை நம் மலைக் குளிரில் விறைத்து விட்டுவிடும். செருப்புக் கடை ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு அழுத்துங்கள். (தெர்மாகோலில் இதைத் தடவாதீர்கள், கரைந்துவிடும். நான் ஒரு கிரீடத்தையே இப்படி இழந்தவன்.) பெயிண்டை வெறும் ஃபோமில் அடித்தால் உறிஞ்சிக்கொள்ளும், மடியும் இடத்தில் உதிரும். முதலில் ஹீட் கன்னால் மேற்பரப்பை லேசாகச் சூடாக்க வேண்டும், துளைகள் மூடி வழவழப்பாகும். இது பெரியவர்கள் வேலை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகால் மூன்று நாலு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பின். அப்புறம்தான் வண்ணம்.

முக்கியமானது உள்பக்கம். பழைய வேட்டித் துணியை ஃபெவிகாலில் நனைத்து ஒட்டுங்கள். கிழிவது எப்போதும் பட்டை பிடிக்கும் இடத்தில்தான். அங்கே இரண்டு மடிப்பு வையுங்கள். பட்டையை ஒட்டாமல் துளையிட்டு நாடா கோத்துக் கட்டுங்கள். பையன் அடுத்த வருடம் வளர்ந்தாலும் நாடாவை நீட்டினால் போதும்.

மைதாப் பசை வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் தின்னும்.

இதை ஒவ்வொரு பெற்றோரும் தனித்தனியே செய்வானேன்? பள்ளியே நாலு கவசம் செய்து பீரோவில் வைத்தால் பல வருடம் கட்டபொம்மனும் கர்ணனும் அதிலேயே வருவார்கள். நான் கேட்டபோது தலைமையாசிரியர் ஒருவர், "அதற்கெல்லாம் யார் சார் உட்காருவது?" என்றார். நான் உட்காருகிறேன். ஓய்வில்தானே இருக்கிறேன்.

எங்கள் காப்பித் தோட்டத்தில் போன காற்றுக்கு ஒரு கல்யாண முருங்கை விழுந்து கிடக்கிறது. மிளகுக்கொடியை அவிழ்த்துவிட்டேன். கிரீடம் செதுக்கப் பொறுமை உள்ளவர்கள் சனிக்கிழமை வாருங்கள், உளி என்னிடம் இரண்டு இருக்கிறது.