துடுப்புப் பிடிக்கும் கையில் பாட்டில் எதற்கு?

வீட்டிலேயே பீர் தயாரிக்கும் அமெரிக்க அன்பர்களுக்கு ஒரு கனவு உண்டு. ஆளரவமில்லாத ஆறு. அலுங்காமல் மிதக்கும் கனூ (நம்மூர் வள்ளத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, கொஞ்சம் ஒல்லி). ஒரு கையில் தூண்டில், மறு கையில் சொந்தக் கைப்பக்குவத்தில் விளைந்த பீர். தானே பிடித்த மீன், தானே வடித்த பீர், இதைவிடத் தன்னிறைவு உலகில் உண்டா என்று உருகுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்சியில் ஒரு சின்ன ஓட்டை. இரண்டு கையும் தீர்ந்துவிட்டதே, துடுப்பை யார் பிடிப்பது?

வீட்டு பீர் என்றதும் ஊறல் பானையும் கள்ளச்சாராயமும் நினைவுக்கு வந்தால் அந்த ஆசாமிகள் கோபித்துக்கொள்வார்கள். இது வேறு சமாச்சாரம். முளைகட்டிய பார்லியின் சாற்றை ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவோடு சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைத் தூவி மூடி வைக்க வேண்டும். ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுகிற அதே கதைதான். இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தால், உள்ளே இருக்கும் ஈஸ்ட் மறுபடி வேலை செய்து நுரைக்குத் தேவையான வாயுவை உண்டாக்கும். அதற்கு இன்னும் இரண்டு வாரம். ஆக மொத்தம் ஒரு மாதப் பொறுமை. அந்தப் பொறுமைக்கு மரியாதை உண்டு, இங்கே சண்டை அதோடு இல்லை.

சட்டமும் அவர்கள் பக்கம்தான். 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய வழி கிடைத்தது, பீர் மட்டும் விடுபட்டுப் போனது. அந்தக் குறையைத் தீர்க்கும் மசோதாவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்துப் போட்டார். தனியாள் வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் 200 காலன் வரை வரியில்லாமல் செய்துகொள்ளலாம். 200 காலன் என்றால் ஏறக்குறைய 757 லிட்டர். தினம் இரண்டு லிட்டர்! (தாராள மனசு.)

அதே கார்ட்டர் சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 21 அன்று, இன்னொரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் என்ற ஏரிக்காட்டைக் காக்கும் சட்டம் அது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள், அவற்றைக் கோத்துக்கொண்டு ஓடும் கவிஷிவி போன்ற ஆறுகள். பெரும்பகுதியில் மோட்டார் படகுக்கு அனுமதியில்லை. கனூக்காரர்களுக்கு இதுதான் காசி, இதுதான் ராமேஸ்வரம். வீட்டு பீர்க்காரர்களின் கனவும் இங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறது. ஏனென்றால் இந்தக் காட்டுக்குள் சாப்பாடோ பானமோ எதையும் டின்னிலோ கண்ணாடி பாட்டிலிலோ கொண்டுபோகக் கூடாது. வீட்டு பீரோ பெரும்பாலும் கண்ணாடி பாட்டிலில்தான் பிறக்கிறது.

நேர்மையானவர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறிக்கொள்வார். மற்றவர் காலுறைக்குள் சுற்றி, தூக்கப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போவார். "நாலே நாலு பாட்டில், திரும்பிக் கொண்டுவந்துவிடுவோமே" என்று ஒரு சால்ஜாப்பு வேறு. ஒரு ஏரியிலிருந்து அடுத்ததற்குப் போக அங்கே படகையும் மூட்டையையும் தோளில் சுமந்து காட்டுப்பாதையில் நடக்க வேண்டும். கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுதான் படகை ஏற்றுவதும் இறக்குவதும். அங்கே ஒரு பாட்டில் பாறையில் மோதி உடைந்தால் அந்தச் சில்லு தண்ணீருக்கு அடியில் பல வருஷம் கிடக்கும். யாரோ ஒரு சிறுமியின் கால் அதைக் கண்டுபிடிக்கும். ஆஸ்பத்திரி ஒரு நாள் துடுப்புத் தூரத்தில் இருக்கும்.

இன்னொன்றையும் இந்த அன்பர்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை. புளிப்பு முழுசாக முடியுமுன் அவசரப்பட்டு அடைத்த பாட்டிலுக்குள் ஈஸ்ட் வேலையை நிறுத்தாது. வீட்டு அலமாரியில் அமைதியாக இருந்தது, மூட்டைக்குள் அடைபட்டு வெயிலில் சூடேறி, போதாக்குறைக்குக் குலுங்கவும் செய்தால் வெடிக்கும். "பாட்டில் பாம்" என்று இதற்கு அவர்களே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகில் சுமக்கும் பைக்குள் கண்ணாடி குண்டு! பிளாஸ்டிக் என்றால் விரலால் அமுக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், கல் மாதிரி இருந்தால் மூடியை லேசாகத் திறந்து காற்றை விடலாம். சோடா குடித்த பழைய பாட்டிலே போதும். அதில் காற்று மெல்ல மெல்ல உள்ளே போய் ருசி கெடும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு வாரப் பயணத்துக்குள் எதுவும் குடிமுழுகிப் போகாது.

சரி, கண்ணாடிப் பஞ்சாயத்து சின்னது. பெரிய பஞ்சாயத்து படகுக்குள் குடிப்பது.

"ஒரே ஒரு பாட்டில்தானே" என்பதுதான் இவர்களுடைய ஆஸ்தான வசனம். கடையில் வாங்கிய பீருக்கு இந்த வசனம் ஓரளவு பொருந்தும். அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 355 மில்லி, 5 சதவீத ஆல்கஹால், அது ஒரு 'டிரிங்க்'. டின்னில் அச்சடித்திருக்கும், எண்ணிக்கொள்ளலாம். வீட்டு பீரில் என்ன அச்சடித்திருக்கிறது? ஒன்றுமில்லை. மிஞ்சிப்போனால் மூடியில் பேனாவால் ஒரு தேதி. அதன் வீரியம் தெரிய வேண்டுமானால் பால்மானி போல ஒரு மிதவைக் கருவி இருக்கிறது, அதைப் புளிப்பதற்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் மிதக்கவிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை பார்க்க மறந்துவிட்டால் இரண்டாவது தடவை பார்த்துப் பிரயோஜனமில்லை. மறப்பவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் கூட்டத்திலேயே கேட்டுப் பார்க்கலாம், சிரிப்புதான் பதிலாக வரும்.

கூடவே இன்னொரு பழக்கம். சின்ன பாட்டில் ஐம்பதை நிரப்ப யாருக்குப் பொறுமை? எனவே 650 மில்லி பெரிய பாட்டில். கூடவே வீட்டு பீர்க்காரருக்கு வீரியத்தில் ஒரு பெருமை, 8 சதவீதத்தில் ஒன்றைச் செய்து "எப்படி நம்ம சரக்கு" என்று கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இப்போது கணக்குப் போடலாம். 650 மில்லியில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால். கடை டின்னில் 18 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக அந்த "ஒரே ஒரு பாட்டில்" கிட்டத்தட்ட மூன்று. இரண்டு பாட்டில் குடித்தவர் ஆறு குடித்திருக்கிறார், ஆனால் தான் இரண்டு குடித்ததாகவே சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை பாவம், அவருக்கே தெரியாது. கடை பீரைவிட வீட்டு பீர் படகில் ஒரு படி மோசமாவது இந்த இடத்தில்தான்.

"சட்டமே தடுக்கவில்லையே?" என்று அடுத்த கேள்வி. வாஸ்தவம். மினசோட்டாவில் குடித்துவிட்டுப் படகு ஓட்டக் கூடாது என்ற சட்டம் மோட்டார் படகுக்குத்தான். துடுப்பால் போகிற படகை அந்தச் சட்டமே வெளியே நிறுத்திவிட்டது. மனுஷன் குடித்துவிட்டுக் கனூவில் போனால் அடுத்தவனை இடித்துக் கொல்ல மாட்டான், தான்தான் சாவான் என்று சட்டம் எழுதியவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கிலும் பிசகு உண்டு. கனூவில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பின்னால் இருப்பவர்தான் திசை திருப்புகிறவர். அவர் குடித்தால் முன்னால் இருப்பவரும், பல சமயம் அது அவருடைய மனைவியோ பிள்ளையோ, சேர்ந்தே கவிழ்கிறார்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் பொழுதுபோக்குப் படகு விபத்துகளைக் கணக்கெடுக்கிறது. 2022-இல் இறந்தவர்கள் 636 பேர். தெரியவந்த காரணங்களில் அதிக உயிர் குடித்தது மது, 88 பேர். இறப்புக்குக் காரணம் தெரிந்தவர்களில் நாலில் மூன்று பங்கு நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 85 பேர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. "அதெல்லாம் மோட்டார் படகுக் கணக்கு" என்று ஜல்லியடிப்பவர்கள் ஒரு காரியம் செய்யட்டும், மோட்டார் படகில் எழுந்து நின்று பார்த்துவிட்டு, அப்படியே கனூவில் எழுந்து நிற்கட்டும்.

எழுந்து நிற்பதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், கூச்சப்பட்டால் ஆகாது. பீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். அரை மணிக்கு ஒரு தரம் வரும். கரைக்குப் போக சோம்பல், மீன் கடித்துக்கொண்டிருக்கிறது, கூட இருப்பவரும் ஆண்தானே. எழுந்து நிற்கிறார். இரண்டரை, மூன்று அடி அகலப் படகு, தலைக்குள் ஏற்கனவே லேசான ஆட்டம், ஒரு கை வேறு வேலையாக இருக்கிறது. அடுத்த கணம் தண்ணீர். லைஃப் ஜாக்கெட்? அது பின்னால் மெத்தை மாதிரி மடித்துப் போட்டிருக்கிறது. ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும், பெரியவர்கள் போட்டுக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

அந்தத் தண்ணீரும் நம்மூர்க் காவிரித் தண்ணீர் இல்லை. அங்கே ஏரிகளில் பனிக்கட்டி உருகி விலகவே ஏப்ரல் கடைசி, சில வருஷம் மே முதல் வாரம். வால்ஐ மீன் பிடிக்க மே நடுவில் அனுமதி தொடங்கும். குளிர்காலம் முழுக்க அடைத்து வைத்த பீர் பதமாகி நிற்பதும் சரியாக அப்போதுதான். குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன ஆகும் என்று தன் உடம்பையே வைத்து ஆராய்ந்தவர் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட். அவர் சொல்லும் கணக்கு 1-10-1. முதல் 1 நிமிஷம் மூச்சுத் திணறலை அடக்க. அடுத்த 10 நிமிஷம் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும், அதற்குள் தப்பிக்க வேண்டும். குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகும். பலரும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைப் பார்ப்பதே இல்லை, முதல் நிமிஷத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு வேண்டியது தெளிந்த தலை. பீர் உடம்பைச் சூடாக்கும் என்பதும் வெறும் பில்டப். தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றும், உள்ளிருக்கும் சூடோ வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

கடைசி ஆயுதமாகச் சரித்திரத்தை எடுப்பார்கள். இருநூறு முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இதே ஏரிகள் வழியாகத்தான் தோல் வியாபாரப் படகோட்டிகள் சாராயப் பீப்பாய்களோடு போனார்கள், எனவே இது பாரம்பரியமாம். போனார்கள்தான், அது பெரும்பாலும் விற்பனைச் சரக்கு. கவிழவும் செய்தார்கள். 1960-இல் அந்த எல்லைப்பக்கத்து கிரானைட் ஆற்றின் ஒரு சுழிப்புக்கு அடியில் முக்குளிப்பவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பித்தளைக் கெட்டில்களை எடுத்தார்கள். யாரோ ஒரு படகோட்டியிடமிருந்து ஆறு பிடுங்கிக்கொண்ட சரக்கு. பாரம்பரியம் என்றால் அதையும் சேர்த்துத்தான்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் காட்டுக்குள் மதுவையே தடை செய்" என்று கிளம்பும் புனிதர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பரிசோதனை அங்கே நடந்து முடிந்துவிட்டது. 1919-இன் மதுவிலக்குச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஆண்ட்ரூ வோல்ஸ்டெட் மினசோட்டாவின் எம்.பி.தான். பதினாலே வருஷத்தில் சட்டம் போய்விட்டது, தாகம் போகவில்லை. காட்டுக்குள் பீர் போகட்டும், யார் வேண்டாம் என்றது. படகு ஓடும்போது அது மூட்டைக்குள் இருக்கட்டும்.

கூடாரம் போட்டாயிற்று, படகைக் கரையேற்றிக் கவிழ்த்து மரத்தில் கட்டியாயிற்று, நாளைக் காலைவரை தண்ணீரில் வேலையில்லை என்றால் பிளாஸ்டிக் பாட்டிலை வலைப்பையில் போட்டு ஏரியில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி வைக்கலாம். பகல் முழுக்கக் குலுங்கிய பீரில் அடியில் படிந்த ஈஸ்ட் கலங்கியிருக்கும், அது கீழே இறங்கவும் அந்த நேரம் வேண்டும். படகில் திறந்து குடித்தவர் குடித்ததெல்லாம் வண்டல்தான், இதுகூடத் தெரியாமல் ருசி பற்றி வகுப்பெடுப்பார். அடியில் ஒரு விரற்கடை விட்டு மெல்லச் சாய்த்து ஊற்ற வேண்டும். மிச்ச வண்டலைக் கரையிலிருந்து 150 அடி தள்ளிக் கொட்டிவிட்டு, காலி பாட்டிலை நசுக்கி மூட்டையில் போட்டுக்கொள்ள வேண்டும். மீன் வறுபட இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.