பூம்புகார்: பெயர் சென்னையில், ஊர் கடைமடையில்

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமாக ஒரு கப்பல் நிறுவனம் இருக்கிறது. பெயர் பூம்புகார் கப்பல் கழகம். கிழக்குக் கரையின் வடபகுதித் துறைமுகங்களிலிருந்து நம் அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொண்டுவருவதும், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதும் அதன் வேலை. தலைமை அலுவலகம் சென்னையில். அதன் நிலக்கரிக் கப்பல் எதுவும் பூம்புகாருக்கு வருவதில்லை. வந்தால் கட்டி நிறுத்த இடமும் கிடையாது. சென்னைவாசியிடம் பூம்புகார் என்று சொன்னால் அண்ணா சாலையில் வெண்கலச் சிலையும் தஞ்சாவூர்த் தட்டும் விற்கும் அரசுக் கைவினைக் கடையைத்தான் நினைத்துக்கொள்வார். ‘பேரு பெத்த பேரு, தாக நீலு லேது’ என்று தெலுங்கு நாயக்கர்கள் ஆண்ட எங்கள் தஞ்சைச் சீமையில் சொல்வது வழக்கம். இந்த ஊருக்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது, தண்ணீர் உட்பட.

மேலையூரில் காவிரியின் கடைசி ஷட்டர் இருக்கிறது. கடையணை என்பார்கள். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் அது கல்லணை கடந்து, கிளை கிளையாகப் பிரிந்து, பங்கு போட்டது போக மிச்சமாக இங்கே வந்து சேரப் பல நாள் ஆகும். வந்த அன்று விவசாயிகள் கூடி நின்று பூவும் விதைநெல்லும் தூவிக் கும்பிடுவார்கள். முதலில் வருவது நுரையும் சருகும் பிளாஸ்டிக் குப்பையும்தான். அதன் பின்னால் கணுக்கால் அளவில் ஊர்ந்து வருகிறது காவிரி. அதைத் தாண்டினால் சங்கமத்துறை. மழைக்காலம் போக மற்ற நாளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே கடக்கலாம் போலத் தோன்றும் ஒரு வாய்க்கால், மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. தை அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, இதன் வழியாகவா கப்பல் வந்தது என்று கேட்காமல் போவதில்லை.

வந்தது. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் சொல்வதைப் புலவர் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி மண்ணே சாட்சி சொல்லிவிட்டது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கீழையூரில் படகுத்துறை போன்ற செங்கல் மேடையும், படகு கட்டுவதற்கு நட்டிருந்த மரக்கம்பங்களும் கிடைத்தன. கம்பத்தின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது. வானகிரியில் நீர்த்தேக்கத்தின் மதகு, பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரை. பழங்காலப் புவியியலாளர் தாலமி ‘கபேரிஸ்’ என்று எழுதிவைத்த வணிகத் துறை இதுதான்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: கடல் கொண்டது. இந்திர விழாவை நடத்தாமல் விட்டதால் கடல் வந்தது என்று மணிமேகலை காரணமும் சொல்கிறது. கடல் தின்றது உண்மையாகவே இருக்கலாம். 2004 டிசம்பர் 26 காலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் பறிகொடுத்த கரை இது, கடலை இங்கே யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் வந்து பல்லவனீச்சுரத்தைப் பாடியிருக்கிறார். ஊர் அப்போதும் இருந்தது. பட்டினத்தார் பிறந்த ஊரும் இதுவே. அலை ஒரே இரவில் வந்து போகும். வணிகம் அப்படிப் போகாது. ஆற்றுவாய் தூர்ந்து, கப்பல்காரன் அடுத்த துறையைப் பார்த்து, செட்டியார் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்ப நூற்றாண்டுகள் ஆகும். தங்கள் முன்னோர் காவிரிப்பூம்பட்டினம் என்ற இந்தப் பூம்புகாரிலிருந்து புறப்பட்டவர்கள் என்றுதான் நாட்டுக்கோட்டை நகரத்தார் இன்றும் சொல்கிறார்கள். ராஜராஜன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் சூடாமணி விகாரை கட்ட இடம் தேடியபோது, தேர்ந்தது பூம்புகாரை இல்லை, நாகப்பட்டினத்தை.

நான் சொல்ல வருவது அதற்கும் அறுநூறு ஆண்டுக்குப் பிந்திய கதை. இந்தக் கரை பெருநகரை இழந்தது ஒருமுறைதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் முறையும் இழந்தது. அந்த முறை கடல் மேல் பழி போட வழியில்லை.

பூம்புகாருக்கு வடக்கே கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலிருந்து தெற்கே நாகப்பட்டினம் வரை சுமார் 70 கி.மீ. இந்தத் துண்டுக் கரையில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் கொடி நட்டன. நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியர், 1658இல் அவர்களைத் துரத்திவிட்டு டச்சுக்காரர். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். 1739இல் காரைக்காலில் பிரெஞ்சுக்காரர். 1749இல் கொள்ளிட முகத்திலுள்ள தேவிக்கோட்டையை ஆங்கிலக் கும்பினி பிடித்தது; அந்தச் சண்டையில் பேர் வாங்கிய இளம் அதிகாரிதான் ராபர்ட் கிளைவ். பெருநகருக்கு விதை என்று எடுத்துக்கொண்டால் இந்தக் கரையில் விதைப்பு அடர்த்திதான். நாற்று ஒன்றுகூடத் தேறவில்லை. தேவிக்கோட்டையில் இன்று பார்க்க ஒன்றுமில்லை. தரங்கம்பாடி சென்னையைவிட 19 வயது மூத்தது. பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்திறங்கி, சில ஆண்டுகளில் தமிழ் எழுத்து வார்த்துப் புத்தகம் அச்சிட்ட ஊர். இன்று அது கோட்டை, தேவாலயம், ஒரு பெரிய வாசல், வார இறுதிக் கூட்டம் என்ற அளவில் நிற்கிறது. அங்கே குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலில் பெரும்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது.

சென்னைக்கு என்ன இருந்தது? 1639இல் பிரான்சிஸ் டே வாங்கிய இடம் ஒரு மணல் திட்டு. சொல்லிக்கொள்ளும்படி ஆறில்லை. துறைமுகம் அறவே இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை மேல் ஏறி இறங்கி, பாதி நனைந்து கரை சேரும். இரண்டரை நூற்றாண்டுக்கு இதே கதி. 1870களில் கட்டத் தொடங்கிய துறைமுகத்தை 1881 புயல் உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்த மறுபடிதான். தரங்கம்பாடிக்கு மறுபடி கிடைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து அங்கே ஒரு கப்பல்கூட வரவில்லை. கடைசியில் 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். சென்னை வளர்ந்தது அதன் கரையால் இல்லை. தலைநகர் என்ற பதவியால். வரிப்பணம் அங்கே போயிற்று, கோர்ட்டு அங்கே வந்தது, கல்லூரி அங்கே வந்தது, புயல் உடைத்தால் மறுபடி கட்டவும் காசு அங்கே இருந்தது.

தஞ்சையோ 1799இல் சரபோஜி காலத்திலேயே கும்பினி நிர்வாகத்துக்குப் போய்விட்டது. அவர்கள் கண்ணில் டெல்டா ஒரு களஞ்சியம். நெல்லும் நிலவரியும் வரும்வரை அங்கே நகரம் எதற்கு? ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டியது கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைக் காவிரிப் பாசனத்துக்குத் திருப்பத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் தாத்தாக்கள் அதில்தான் சாப்பிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து காவிரி பாசன வாய்க்கால், கொள்ளிடம் வெள்ள வடிகால் என்ற பிரிவினை நிலைத்துவிட்டது. மேட்டூர் நிரம்பி லட்சம் கன அடி வந்தாலும் கொள்ளிடம் வழியாகத்தான் கடலுக்குப் போகும். மேலையூர் ஷட்டருக்கு வராது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஆறு கொண்டுவந்த வண்டலும் அங்கேயே தங்க ஆரம்பித்தது. மண் வராத டெல்டாக் கரையைக் கடல் அரிப்பதில் வியப்பில்லை.

ஒரு வாய்ப்பு வந்தது, நாகப்பட்டினத்துக்கு. தென்கோடித் தமிழகத்துக்கு முன்பே ரயில் கண்ட ஊர் அது. 1861இல் தஞ்சாவூருக்கும் அடுத்த ஆண்டு திருச்சிக்கும் வண்டி ஓடியது. ரயில் கம்பெனியின் தலைமையிடமும் பட்டறையும் நாகையில்தான். பிறகு தலைமையிடம் திருச்சிக்குப் போனது. 1920களின் இறுதியில் பட்டறையும் பொன்மலைக்குப் பெயர்ந்தது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட 30 கி.மீ. பாதையை 1986இல் நிறுத்தினார்கள்.

நாகையில் மிஞ்சியது கப்பல் ஏறும் கூட்டம். பினாங்கு, சிங்கப்பூர் போகும் கப்பல்கள் அங்கே நின்று ஆள் ஏற்றின. ரஜூலா கப்பல் என்று சொன்னால் டெல்டாவின் முதியவர்கள் முகம் மாறும். ரப்பர் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கடைக்குமாகப் போனவர்களில் ஒரு பங்கு இந்த வயல்களில் நாற்று நட்டவர்கள். 1819இல் ராஃபிள்ஸ் இறங்கிய தீவு இன்று உலக நகரம். அங்கே தெலோக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் நம் ஆட்கள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. கட்டியபோது வாசலில் கடல். பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொல்லக் கட்டியது. இன்று அதன் முன்னால் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. மண் கொட்டிக் கொட்டிக் கடலை அவ்வளவு தூரம் தள்ளிவிட்டார்கள்.

காவிரியும் ஊரை விட்டுப் போய்விட்டது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றில் வந்து வீராணத்தில் நிறையும் தண்ணீர், 2004 முதல் பெரிய குழாயில் சென்னைக்குப் போகிறது, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை. இதை வைத்து வட்டார அரசியல் பேசுகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஆண்டு முழுவதும் முழு அளவில் எடுத்தாலும் இரண்டரை டிஎம்சி வராது. மேட்டூரின் கொள்ளளவோ 93 டிஎம்சிக்கு மேல். கடைமடை காய்வதற்குச் சென்னையின் குழாய் காரணமில்லை. தூர் வாராத வாய்க்காலும், ஜூனில் வராத தண்ணீரும், பழுதான ஷட்டரும்தான் காரணம்.

இப்போது எல்லோருடைய பார்வையும் கடலடியில் இருக்கிறது. தேசியக் கடலியல் நிறுவனம் 1990களில் இங்கே மூழ்கித் தேடியது. அதன் பின் சிலர் 15,000 ஆண்டு பழமை வரை கொண்டுபோய்விட்டார்கள். தேடட்டும், நல்ல கருவியோடு தேடட்டும். ஆனால் பழமையில் பூஜ்யம் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு ஈடுபாடில்லை. கரையிலேயே கிடைத்த கீழையூர் படகுத்துறைக்கு வழி கேட்டால் கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 1973இல் கலைஞர் எழுப்பிய எழுநிலை மாடத்தைப் பார்த்துவிட்டு, ஐஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஊர் பார்த்தாகிவிட்டது என்று வேன் ஏறிவிடுகிறார்கள்.

தரங்கம்பாடி ரயிலை மறுபடி விடக் கேட்பவர்களுக்குப் பழைய நினைவு மயக்கம் என்று பதில் வருகிறது. 1881 புயலுக்குப் பின் சென்னைத் துறைமுகத்தை மறுபடி கட்டியதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. ரயில் வரட்டும், கீழையூரில் விட்ட இடத்திலிருந்து தோண்டட்டும், மேலையூருக்கு ஆடிப் பதினெட்டுக்குள் தண்ணீர் வரட்டும். இவையெல்லாம் பெரிய செலவு என்றால், பூம்புகார் கப்பல் கழகம் தன் ஆண்டுக் கூட்டத்தை ஒரு தடவையாவது பூம்புகாரில் நடத்தட்டும். கப்பலில் வர முடியாதுதான். மயிலாடுதுறையிலிருந்து பஸ் இருக்கிறது.