கொலைக் குற்றவாளிக்கு பரோல் தரலாமா? சிக்கல் எங்கே இருக்கு?

2009 செப்டம்பர். ஜெசிகா லால் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று திகார் சிறையில் இருந்த மனு சர்மாவுக்கு டெல்லி அரசு பரோல் கொடுத்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கொஞ்ச நாளில் அவர் டெல்லியில் ஒரு நைட் கிளப்பில் இருந்ததாகச் செய்தி கசிந்தது. விவகாரம் வெடிக்க, நவம்பரில் அவரே சிறைக்குத் திரும்பினார்.

'கொலைகாரனுக்கு எதுக்கு பரோல்?' என்ற கோபம் நியாயமானதுதான். ஆனா முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கணும். ஹாலிவுட் படங்களில் வரும் பரோல், தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே விடுவது. நம்ம ஊரில் பரோல் என்றால் கிட்டத்தட்ட லீவு. போய்விட்டு, சொன்ன தேதியில் திரும்ப வரணும். நிரந்தரமாக விடுவது தண்டனைக் குறைப்பு. அது வேறு சட்டம், வேறு கதை. கொலை வழக்கு ஆயுள் கைதிக்கு அதைப் பற்றி யோசிக்கவே குறைந்தது 14 ஆண்டு உள்ளே இருக்கணும். '14 வருஷம் ஆனா தானா ரிலீஸ்' என்பதெல்லாம் வாட்ஸ்அப் சட்டம். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான்.

தமிழ்நாட்டில் இந்த லீவுக்கு 1982-ம் ஆண்டு விதிகள் இருக்கு. சாவு, கல்யாணம், கடும் நோய் என்றால் அவசர விடுப்பு; மற்றதுக்கு சாதாரண விடுப்பு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 28 ஆண்டு சிறையில் இருந்த நளினி, மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக 2019-ல் விடுப்பு கேட்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் தானே வாதாடினார். ஒரு மாதம் கிடைத்தது; பிறகு நீட்டிக்கப்பட்டது. பேட்டி கொடுக்கக் கூடாது, அரசியல்வாதிகளைச் சந்திக்கக் கூடாது என்று நிபந்தனைகள். வேலூரில் தங்கினார், செப்டம்பரில் சிறைக்குத் திரும்பினார். வானம் ஒண்ணும் இடிந்து விழவில்லை.

இரண்டுமே கொலை வழக்குதான். ஒருத்தருக்கு அரசே கொடுத்தது. அவர் முன்னாள் மத்திய அமைச்சரின் மகன். இன்னொருத்தர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. அதனால் 'கொலைக் குற்றவாளிக்கு பரோலே கூடாது' என்று கதவை மூடினால், செல்வாக்கு உள்ளவர் எப்படியும் ஜன்னல் வழியே வந்துவிடுவார். சொந்தக்காரர் சாவுக்குப் போக முடியாமல் தவிப்பது ஆள் பலம் இல்லாத கைதிதான்.

மாற வேண்டியது நடைமுறை. யாருக்கு, என்ன காரணத்துக்காக, எத்தனை நாள் என்பதை சிறைத்துறை வெளிப்படையாகப் போடட்டும். சொன்ன காரணம் உண்மையா என்று உள்ளூர் போலீஸ் விசாரித்த அறிக்கையும் கூடவே இருக்கட்டும். கொலையானவரின் குடும்பத்துக்குத் தகவல் போகணும், அவங்க பேச்சையும் கேட்கணும். ஜெசிகாவின் அக்கா தங்கை உறவில் மிஞ்சியிருந்த சப்ரினா லால், மனு சர்மாவை விடுவிக்க ஆட்சேபம் இல்லை என்று 2018-ல் சிறைக்கு எழுதிக் கொடுத்தார். 2020-ல் அவர் விடுதலையானார்.