இந்தத் தண்ணி யாரோடது தாத்தா?

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பயிர்க்கடன் பாதியும் உரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும்தான் போகிறது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவன். ஓய்வு பெற்ற பிறகு மூன்று ஏக்கரில் மருந்தில்லாமல் நெல் போடுகிறேன்.

போன மே விடுமுறையில் மகன் குடும்பத்தோடு இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போனோம். பேத்திக்கு ஏழு வயசு, பேரனுக்கு நாலு. மகன் போட்ட திட்டத்தில் கடற்கரை, நீச்சல்குளம், கடைத்தெரு என்று ஒரு நாளைக்கு நாலு இடம். இரண்டாம் நாளே பேரனுக்கு வெயிலில் தோல் சிவந்து, சோறும் இறங்கவில்லை. பேத்தி "ஊருக்குப் போலாம்" என்று அழுதாள். "ஒரு நாளை எனக்குக் குடுப்பா" என்று மகனிடம் கேட்டு வாங்கினேன்.

விடியற்காலையில் கிளம்பி, பத்துக்காரு மலைச்சரிவில் இருக்கும் ஜத்திலுவிக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய வரை படிப்படியாக நெல் வயல். அறுத்த வயலில் வாத்துகள் மேய்ந்தன. பேரன் அவற்றைப் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலம் சோற்றையும் காலி செய்தான். பேத்தி வாய்க்கால் பிரியும் இடத்தில் குத்தவைத்துக்கொண்டு கேட்டாள்: "இந்தத் தண்ணி யாரோடது தாத்தா?"

நல்ல கேள்வி. அங்கே தண்ணீர் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. ஒரே வாய்க்காலில் பாய்ச்சுகிறவர்கள் சேர்ந்த அமைப்புக்கு 'சுபக்' என்று பெயர். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. எப்போது நடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்று தண்ணீர்க் கோயிலில் கூடி முடிவெடுப்பார்கள். அக்கம்பக்கம் எல்லாம் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்குத் தீனி இருக்காது. கடைமடைக்காரர் பிந்தி நட்டால் அங்கே பெருகும் பூச்சி தலைமடைக்கும் வரும். அதனால் தண்ணீரை விட்டுக்கொடுப்பதில் தலைமடைக்காரருக்கும் லாபம்தான்.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. முறை பார்க்காமல் முடிந்த மட்டும் நடு என்றார்கள். பூச்சி பெருகியது, தண்ணீருக்கும் திண்டாட்டம். 1986-இல் இந்தோனேசிய அரசே நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. சுபக் முறையின் அருமையை ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியல் ஆய்வாளர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். இப்போது அங்கே வேறு பூச்சி: வயல்கள் விடுதிகளாக மாறுகின்றன. அப்படி ஒரு விடுதியில்தான் நாங்களும் தங்கினோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

திரும்பும்போது இன்னொன்றும் உறுத்தியது. கடல் தாண்டிப் போய்த்தான் என் பேத்தி முதன்முதலாக வரப்பில் நடந்திருக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் பாம்பு, சேறு, வெயில் என்று பயந்து அவளை வீட்டிலேயே உட்கார வைத்தது யார்? நான்தானுங்க.

பிள்ளைகளோடு பயணம் போகிறவர்களுக்கு என் கருத்து இதுதான். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதில் ஒரு நாளாவது சோறு விளையும் இடமாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், நம் வயலின் படலைத் திறந்து வையுங்கள். இயற்கை வேளாண்மை நமக்குப் பிறகும் நிற்க வேண்டுமானால், மண்ணில் கால் வைத்த பிள்ளைகள் வேண்டும். வருகிற நடவுக்குப் பேத்தியை வரச் சொல்லியிருக்கிறேன். "நம்ம தண்ணி யாரோடது?" என்று கேட்பாள். அதற்குள் நம் ஏரிப் பாசனக்காரர்களை ஒரு தடவையாவது கூட்டி உட்கார வைக்க வேண்டும்.