பல் போன பின்

வெற்றிலை இடிக்கும் சிற்றுரலின் ஓசை எழும் கல்முனை வீடுகளில் பல்லிழந்த முதியோர் உளர் என்பதை நாம் அறிவோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 60 வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 23 பேர் பற்களை முற்றாக இழந்தவர்.

பல் போனபின் அதனைத் தாங்கிய எலும்பும் தேய்கிறது. முழுக் கட்டுப்பல் அணிந்தோரை 25 ஆண்டுகள் ஆராய்ந்து டால்கிரென் 1972இல் வெளியிட்ட கட்டுரை, கீழ்த்தாடை மேற்றாடையினும் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைக் காட்டிற்று. மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுக்குன்றும் பெண்டிருக்கு இத்தேய்வு மிகுதியாகக் கூடும். கீழ்ப்பல் தளர்ந்து ஆடும்.

ஆதலின், “இந்த வயதில் எனக்கு என்னத்துக்கு மனே பல்?” என்று உம்மம்மாவோ அம்மம்மாவோ சொன்னால், அதனை அடக்கமென மெச்சி விட்டுவிடலாகாது. காலந்தாழ்த்தின், பல் பிடித்து நிற்கும் மேடு குறைந்துகொண்டே போகும். முதியோர் இருவரையும் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். பாட்டியைப் பிந்த விடோம்.